வாடகைக்குக் கொடுத்த முதல் வீடு: விற்பதா, வைத்திருப்பதா?



மாவனல்லைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கின்றார். பெயரைப் போட வேண்டாம் என்று இரண்டு இடங்களில் கோடிட்டுக் கேட்டிருக்கின்றார். அவரது கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. இந்த வருடத்தில் இதே கேள்வியை வேறு மூவரும் கேட்டிருக்கின்றார்கள். ஆகவே இம்மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகின்றேன்.

கடிதத்தின் சுருக்கம் இதுதான். இவரும் கணவருமாக 2014ஆம் ஆண்டில் எட்டு பேர்ச்சஸ் காணியோடு ஒரு சிறிய வீட்டை 32 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினார்கள். அதில் 25 இலட்சம் கணவர் கட்டாரில் உழைத்த பணம். மிகுதி 7 இலட்சம், சகோதரியின் மஹர் நகையையும் உம்மா போட்ட வளையல்களையும் விற்ற காசு. உறுதி சகோதரியின் பெயரிலே இருக்கின்றது. இரண்டு வருடம் அங்கே குடியிருந்துவிட்டு, மாமி நோயில் விழுந்தபோது கணவரின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமாவும் மாமியும் இப்போது மௌத்தாகிவிட்டார்கள். சிறிய வீடு 2016 முதல் வாடகைக்குப் போகின்றது. இப்போதைய வாடகை மாதம் 28,000 ரூபா. இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 19 வயது, இளையவளுக்கு 14.

கூரை ஒழுகுகின்றது. பாஸ் வந்து பார்த்து நாலரை இலட்சம் செலவாகும் என்றிருக்கின்றார். அந்த நேரம் பார்த்து 95 இலட்சத்துக்கு ஒருவர் வீட்டைக் கேட்டு வந்திருக்கின்றார். கணவரின் தம்பி ஹார்ட்வெயார் கடை நடத்துகின்றார். "விற்று என் கடையில் போடுங்கள், மாதம் அறுபதாயிரம் நிச்சயமாகத் தருகின்றேன்" என்கின்றாராம். கணவருக்கும் அதுவே சரியென்று படுகின்றது.

சகோதரி இப்படி எழுதுகின்றார்: "அந்த வீட்டில்தான் நான் முதன்முதலாக என் சொந்தக் குசினியில் தேத்தண்ணி ஊற்றினேன். அதனால்தான் விற்க மனம் வரவில்லையோ என்று எனக்கே என்மீது சந்தேகமாக இருக்கின்றது. இருபத்தெட்டாயிரம் எங்கே, அறுபதாயிரம் எங்கே என்று அவர் கேட்கின்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதிகம் கேட்டால் கோபிப்பார்."

சகோதரி, உங்கள் மனதில் குசினியின் ஞாபகம் இருப்பதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அந்த அறுபதாயிரத்தைப் பார்ப்போம்.

கடையில் பணம் போடுவது ஹலால். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, வரும் இலாபத்தைப் பேசிக்கொண்ட விகிதத்தில் பங்கிடுவதை முழாரபா என்கின்றோம். இருவரும் முதல் போட்டால் அது முஷாரகா. இரண்டிலும் இலாபம் வந்தால்தான் பங்கு. நட்டம் வந்தால் முதல் போட்டவரின் முதலிலும் அது விழும். "கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் அறுபதாயிரம் நிச்சயம், முதலும் அப்படியே இருக்கும்" என்பது வியாபாரப் பங்கு அல்ல. கொடுத்த பணத்துக்கு முன்கூட்டியே நிச்சயித்த மேலதிகம் அது. வங்கியில் கொடுத்தால் வட்டி என்று விலகி நடக்கும் நாம், தம்பி கொடுத்தால் அதற்கு இலாபம் என்று பெயர் வைத்துவிடுகின்றோம். உங்கள் கணவர் வட்டியைப் பயந்து நடக்கும் மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கின்றீர்கள். இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஊர் ஆலிம் ஒருவரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள். அவர் இதைவிட நன்றாக விளக்குவார்.

ஆகவே 28,000ஐயும் 60,000ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒன்று கையில் வரும் வாடகை. மற்றது, சரியான முறைக்கு மாற்றிப் பேசினால், சில மாதம் எண்பதாயிரமாகவும் சில மாதம் ஒன்றுமில்லாமலும் போகக்கூடிய இலாபம்.

இனி வீட்டின் கணக்குக்கு வருவோம். கணவரின் பக்கத்திலும் நியாயம் இருக்கின்றது. மாதம் 28,000 என்றால் வருடத்துக்கு 3,36,000. ஆட்கள் மாறும்போது இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கின்றது என்று எழுதியிருக்கின்றீர்கள். அதற்கு வருடம் 14,000 கழியுங்கள். பெயின்ட், குழாய், வயரிங் என்று வருடம் சராசரி 60,000. சபைக்குக் கட்டும் வரி 6,000. கையில் நிற்பது 2,56,000. 95 இலட்சம் பெறுமதியான சொத்துக்கு இது நூற்றுக்கு மூன்று கூட இல்லை. கூரைச் செலவு மட்டும் ஒன்றே முக்கால் வருட வருமானத்தை விழுங்கிவிடும். "இந்த வீட்டால் என்ன பயன்" என்று அவர் கேட்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

ஆனால் வருமானம் இவ்வளவு குறைந்திருப்பதற்கு வீடு மட்டும் காரணமல்ல. 2021க்குப் பிறகு நீங்கள் வாடகையைக் கூட்டவே இல்லை. இடையில் 2022 வந்தது. அந்த வருடம் செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதையும் தாண்டியது. டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது. சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தொட்டது. எல்லாம் ஏறியபோது உங்கள் வாடகை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அயலில் அதே அளவு வீடுகள் நாற்பதாயிரத்துக்குப் போவதாக நீங்களே சொல்கின்றீர்கள். "நல்ல மனிதர்கள், கேட்க வெட்கம்" என்பது காரணம். நல்ல குணம்தான். ஆனால் அந்த வெட்கத்தின் விலையை இப்போது வீடு செலுத்துகின்றது. நாற்பதாயிரம் வந்தால், அதே செலவுகள் போக, வருடம் 3,90,000க்கு மேல் நிற்கும்.

இன்னுமொரு பக்கமும் இருக்கின்றது. 2014இல் 32 இலட்சத்துக்கு வாங்கியதை இன்று 95க்குக் கேட்கின்றார்கள். மூன்று மடங்காகிவிட்டது என்று மகிழ வேண்டாம். 2014இல் டொலர் 130 ரூபா அளவில் இருந்தது. இப்போது முந்நூறைச் சுற்றி நிற்கின்றது. ஆகவே வீடு பெரிதாக வளர்ந்துவிடவில்லை. ரூபாதான் சிறுத்துவிட்டது. ஆனாலும் அந்த 32 இலட்சம் காசாக இருந்திருந்தால் அதுவும் ரூபாவோடு சேர்ந்து சிறுத்திருக்கும். வீடு உங்கள் பணத்தைக் காப்பாற்றித் தந்திருக்கின்றது. இதையும் கணவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, 95 இலட்சம் என்பது கையில் வரும் 95 இலட்சமா? தரகர் நூற்றுக்கு மூன்று கேட்டால் 2,85,000 போய்விடும். வாடகைக்கு இருப்பவர்களிடம் ஆறு மாத அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிட்டதாக எழுதியிருக்கின்றீர்கள். அது உங்கள் காசல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதுவும் 1,68,000. பிறகு மூலதன ஆதாய வரி. 2018 ஏப்ரலில் இந்த வரி மீண்டும் வந்தது. நூற்றுக்குப் பத்தாக இருந்தது, 2025 ஏப்ரல் முதல் தனிநபர்களுக்குப் பதினைந்தாகிவிட்டது. தாம் குடியிருக்கும் வீட்டை விற்பவருக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று வருடத்தில் குறைந்தது இரண்டு வருடம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் வெளியேறிப் பல வருடமாகிவிட்டது. உங்களுடையதைப் போன்ற முன்னரே வாங்கிய சொத்துக்கு 2017 செப்டம்பர் 30ஆம் திகதியில் இருந்த பெறுமதியிலிருந்து இலாபம் கணிக்கப்படும். அன்று வீடு 45 இலட்சம் பெறுமதி என்று வைத்துக்கொண்டால், இலாபம் 50 இலட்சம், வரி ஏழரை இலட்சம். சரியான தொகையை மதிப்பீட்டாளரும் கணக்காளரும் சொல்வார்கள். விற்று ஒரு மாதத்துக்குள் இறைவரித் திணைக்களத்துக்கு அறிக்கை கொடுக்கவும் வேண்டும். வாங்குபவர் முத்திரை வரியைக் கட்டுவார் என்பது சரி, ஆனால் இது விற்பவரின் தலையில் விழுவது. எல்லாம் கழித்தால் ஏறத்தாழ 83 இலட்சம் மிஞ்சும். தம்பியும் கணவரும் பேசுவது 95ஐ. இருப்பதோ 83.

ஸகாத்தையும் நினைவில் வையுங்கள். வாடகைக்கு விட்ட வீட்டின் பெறுமதிக்கு ஸகாத் இல்லை என்பதே அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. வரும் வாடகை சேர்ந்து, நிஸாபை அடைந்து, ஒரு வருடம் நின்றால் அதற்கு இரண்டரை வீதம். வீட்டை விற்றுக் காசாக வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று ஒரு வருடம் யோசித்தால், அந்த 83 இலட்சத்துக்கும் இரண்டு இலட்சத்துக்கு மேல் ஸகாத் கடமையாகும். அது அல்லாஹ்வின் ஹக்கு. கொடுப்பதில் குறை நினைக்கக் கூடாது. நான் சொல்ல வருவது, எங்கே போடுவதென்று தெரியாமல் எதையும் விற்காதீர்கள் என்பதுதான்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கவலை தந்த இடம் வேறு. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "வீடு என் பெயரில் இருந்தாலும் அவருடைய பணம்தானே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கின்றீர்கள். இந்த வீடு யாருடையது? இதற்குப் பதில் தெரியாமல் விற்பதைப் பற்றியும் பேச முடியாது, வைத்திருப்பதைப் பற்றியும் பேச முடியாது.

உங்கள் 7 இலட்சம் மஹரும் உம்மாவின் அன்பளிப்பும். மஹர் பெண்ணுக்கே உரியது என்பதையும், அவள் மனமுவந்து விட்டுக் கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் என்பதையும் ஸூரா நிஸாவின் நான்காம் வசனம் தெளிவாக்குகின்றது. ஆகக் குறைந்தது அந்தப் பங்கு உங்களுடையது என்பதில் சந்தேகமில்லை. கணவரின் 25 இலட்சம்? அன்று அவர் அதை உங்களுக்கு ஹிபாவாகக் கொடுத்தாரா, அல்லது வெளிநாட்டில் இருந்தபடியால் வசதிக்காக உங்கள் பெயரைப் போட்டாரா? அவருக்கு மட்டும் தெரிந்த விடயம் இது. அவர் சுகமாக இருக்கும்போது கேட்க வேண்டிய விடயமும் இதுதான்.

ஏன் வற்புறுத்துகின்றேன் என்றால், உங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. நம் நாட்டில் முஸ்லிம் ஒருவர் மரண சாசனம் இல்லாமல் மௌத்தானால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நமது மத்ஹபின் வாரிசுரிமையே செல்லும். வீட்டின் அந்தப் பங்கு கணவருடையது என்று வைத்துக்கொள்வோம். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுப்பானாக. ஒரு பேச்சுக்குச் சொல்கின்றேன். அதை 24 பங்காக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 பங்கு. இரண்டு பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, அதாவது 16. மீதி 5 பங்கு கணவரின் சகோதரர்களுக்கு. இது அல்லாஹ் வகுத்த பங்கீடு, இதில் நமக்கு முறையிட ஒன்றுமில்லை. ஆனால் வீடு முழுவதும் உங்களுடையதாக இருந்தால் இந்தப் பங்கீட்டுக்கு அது வராது. உண்மை எதுவோ அதை எழுதி வைக்காவிட்டால், உறுதியைக் காட்டி நீங்களும், "நானா அனுப்பிய காசு" என்று அவர்களும் நீதிமன்றத்தில் நிற்க நேரும். அப்படி நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கின்றேன். பெருநாளைக்குக்கூட வாசல் மிதிக்காமல் போய்விட்டார்கள்.

ஹிபாதான் என்று கணவர் சொன்னால், ஒரு நொத்தாரிசிடம் போய் அதை எழுத்தில் ஆக்கிக்கொள்ளுங்கள். பாதிதான் என்றால் அதையும் எழுதுங்கள். உங்களுக்குக் குறைவாக வந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது.

கோபிப்பார் என்ற பயம். இதைக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். கணவரிடம் கணக்குக் கேட்பது அடங்காத்தனம் என்று நம்மில் பலர் வளர்க்கப்பட்டிருக்கின்றோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தமது செல்வத்தைப் பிறரிடம் கொடுத்து வியாபாரம் செய்வித்தவர்கள். நபி (ஸல்) அவர்கள் ஷாமுக்குச் சென்றதும் அவர்களின் சரக்கோடுதான். கொடுத்தார்கள், வந்ததைக் கணக்குப் பார்த்தார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் பகரா 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எழுதக் கேட்பது சந்தேகப்படுவதாகாது. தம்பி நல்லவர் என்பதற்காகவும்தான் எழுதுகின்றோம், அவர் நல்லவராகவே இருக்கட்டும் என்று.

என் உம்மாவும் 1987இல் மாத்தளையில் ஒரு சின்ன வீட்டை விற்றார். தொண்ணூறாயிரம் ரூபா. காசு உறவுக்காரர் ஒருவரின் துணிக்கடைக்குப் போனது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், கடைதான் விழுந்துவிட்டது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. உம்மா வெட்கத்தில் கேட்கவில்லை, அவர் வெட்கத்தில் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த வீதியால் பஸ் போகும்போதெல்லாம் உம்மா அந்தக் கேற்றைத் திரும்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

இனி என் அபிப்பிராயம். இப்போது, இந்தக் கடைக்காக, இந்த முறையில் விற்க வேண்டாம். உங்கள் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அது. மற்றொருவரின் வியாபாரத்துக்குள் மொத்தமாகக் கரைந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. தம்பிக்கு உண்மையிலே முதல் தேவையென்றால், கணவரிடம் இருக்கும் வேறு சேமிப்பில் இழந்தாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை, இலாப நட்டப் பங்கோடு, இரண்டு சாட்சிகளோடு எழுதிப் போடட்டும். ஒரு வருடம் கணக்குப் பார்க்கட்டும்.

எப்போதும் விற்கவே கூடாது என்பதல்ல. வட்டிக் கடனில் மூழ்கிக்கொண்டு, அல்லது நகையெல்லாம் அடகில் கிடக்க, வீட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. விற்றுக் கடனை முடிப்பதே மேல். நிலம் நழுவும் இடம் என்றாலும் அப்படித்தான். 2016 மேயில் அரநாயக்கவிலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாடெங்கும் நடந்ததை உங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், பின்பக்க மண்மேடு ஏதும் இருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். கூரைக்கு நாலரை இலட்சம் போடுவதற்கு முன்னரே கேளுங்கள்.

மூன்றாவது காரணமும் உங்களுக்கு ஒரு நாள் வரலாம். பிள்ளைகள் இருவர், வீடு ஒன்று. மூத்தவளின் கலியாணத்துக்கு அந்த வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று கணவர் ஒரு முறை சொன்னதாக எழுதியிருக்கின்றீர்கள். (மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதிவிட்டேன்! இன்று விட்டுவிடுகின்றேன்.) ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கின்றது. இளையவளுக்கு இணையாக ஒன்றைக் கொடுக்க வழியில்லாவிட்டால், அப்போது விற்று இருவருக்கும் சமமாகக் கொடுப்பதுதான் நேர். அந்த நாளுக்காகவாவது வீடு இருக்கட்டும்.

வைத்திருப்பதென்றால் இப்போது இருப்பதுபோல் வைத்திருக்க முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்தே வரும் விதி. உங்களிடம் இருப்பது வாய்ப்பேச்சு மட்டும். ஒரு வருடக் குத்தகை எழுதுங்கள். வாடகை எவ்வளவு, எப்போது கூடும், அட்வான்ஸ் எப்படித் திரும்பும், சின்னத் திருத்தம் யார் பொறுப்பு, எல்லாம் அதில் வரட்டும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதினால், தமிழில் விளக்கிச் சொல்லும்படி கேட்டபின் கையெழுத்து வையுங்கள். அற்றோணித் தத்துவம் என்று யாராவது ஒரு கடதாசியை நீட்டினால், தனியாக ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் பேனையைத் தொடவே வேண்டாம்.

வாடகையிலிருந்து மாதம் ஐயாயிரத்தைக் கூரைக்கும் குழாய்க்கும் என்று ஒதுக்குங்கள். வட்டியில்லாத முறையில் முழுமையாக இயங்கும் வர்த்தக வங்கியொன்று 2011 முதல் நாட்டில் இருக்கின்றது. முழாரபா கணக்கொன்று உங்கள் பெயரிலே திறக்கலாம். இந்தத் தடவைக் கூரைக்கு முழுத் தொகையும் இல்லையென்றால், ஒழுகும் பக்கத்தை மட்டும் மே மாத மழைக்கு முன் செய்யச் சொல்லிப் பாஸிடம் தனிக் கணக்குக் கேளுங்கள்.

வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் மகன் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கின்றீர்கள். புதிய வாடகையைப் பரீட்சை முடியும் மாதத்திலிருந்து கேட்பதாக இப்போதே சொல்லி வையுங்கள். கூரை திருத்தியபின் நாற்பது கேட்டால் அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கின்றேன். முப்பத்தெட்டுக்கு இறங்கினாலும் பரவாயில்லை.

கணவர் இஷாத் தொழுதுவிட்டு வந்து ஆறுதலாக இருக்கும் ஒரு இரவில் இந்தப் பக்கத்தையும் அவரிடம் கொடுங்கள். அறுபதாயிரத்தைப் பற்றிய இடத்தை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஆலிம் என்ன சொன்னார், வீட்டைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ்.